ஹஜ் யாத்திரை: போக்குவரத்தும் யாத்திரிகர் வசதிகளும்
ஊராட்சிகள் கற்க வேண்டிய பாடங்கள்

வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு மக்காவிற்குப் புனித யாத்திரை மேற்கொள்ளும் முஸ்லிம் பெருமக்கள் நம் மாநிலத்தின் பல கிராமங்களில் இருக்கின்றனர். நிலத்தில் ஒரு பகுதியை விற்றும், பிள்ளைகளின் உதவியைப் பெற்றும், பல ஆண்டுகள் காத்திருந்தும் புறப்படுகிறவர்கள் அவர்கள். அவர்களை வழியனுப்பும் நாளில் சமய வேறுபாடின்றி ஊரே திரண்டு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் வழியனுப்பிய பின்னர் அவர்கள் எவ்வாறு செல்கின்றனர், எங்கே தங்குகின்றனர், பல இலட்சம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது அவர்களுக்கு நீரும் நிழலும் வண்டியும் எவ்வாறு கிடைக்கின்றன என்பதைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்துகொள்ள வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் ஊரிலிருந்து செல்லும் முதியவர் ஒருவர் நலமாகப் போய்த் திரும்புவதற்கு நாம் செய்யக்கூடிய உதவிகள் பல இருக்கின்றன. இரண்டாவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் கலையில் உலகம் கற்ற பாடங்களுள் பல மக்காவை அடுத்த மினா என்னும் பள்ளத்தாக்கில், பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டவை. தேர்த் திருவிழா, கந்தூரி, மாதா கோயில் விழா ஆகிய எதை நடத்தினாலும் அப்பாடங்கள் நமக்கும் பொருந்தும். ஆகவே இக்கட்டுரையில் அவற்றை வரிசையாக ஆராய்வோம்.

யாத்திரையின் அமைப்பு

ஹஜ் கடமையின் முக்கியச் சடங்குகள் இஸ்லாமிய ஆண்டின் இறுதி மாதமாகிய துல்ஹஜ் மாதத்தின் 8-ஆம் நாள் தொடங்கி 12 அல்லது 13-ஆம் நாளில் முடிவடைகின்றன. எட்டாம் நாள் யாத்திரிகர்கள் மக்காவிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மினாவை அடைகின்றனர். ஒன்பதாம் நாள் நண்பகலிலிருந்து சூரியன் மறையும் வரை, மக்காவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரபாத் பெருவெளியில் அனைவரும் கூடியிருந்து இறைஞ்சுகின்றனர். சூரியன் மறைந்த பின் முஸ்தலிபா என்னும் இடத்திற்குச் சென்று இரவைக் கழிக்கின்றனர். பத்தாம் நாள் மீண்டும் மினாவிற்கு வந்து, ஷைத்தானைக் குறிக்கும் தூணின்மீது கல்லெறிகின்றனர், குர்பானி கொடுக்கின்றனர், தலைமுடி களைகின்றனர், மக்கா சென்று கஅபாவை வலம் வருகின்றனர். அடுத்து வரும் நாட்களிலும் மினாவில் தங்கி மூன்று தூண்களிலும் கல்லெறிந்த பின்னரே விடைபெறுகின்றனர்.

இந்த அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். சாதாரண யாத்திரைத் தலத்திற்கு மக்கள் ஆண்டு முழுவதும் பிரிந்து பிரிந்து வருவர். இங்கோ எல்லாரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். ஓரிடத்தினின்று மற்றோர் இடத்திற்கு ஒரே திசையில், ஒரே இரவில் நகர்ந்தாக வேண்டும். மினாவோ இருபுறமும் மலைகள் சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கு. இடத்தை விரிக்க இயலாது. நாளை மாற்ற இயலாது. வழியையும் வாகனத்தையும் மட்டுமே திருத்தி அமைக்க முடியும்.

மேலும், இஸ்லாமிய மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுவன. ஆதலின் ஹஜ் ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னே வந்துவிடுகிறது. சில ஆண்டுகள் குளிர்காலத்திலும், சில ஆண்டுகள் கடுங்கோடையிலும் அது நிகழ்கிறது. குளிர்காலத்திற்கெனச் செய்த ஏற்பாடு கோடைக்குப் போதாது.

பழைய வழிகளும் பழைய தொண்டுகளும்

யாத்திரிகர்க்கு வசதி செய்து தருதல் இஸ்லாமிய உலகில் தொன்றுதொட்டே பெரும் அறமாகக் கருதப்பட்டு வந்தது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அரசி சுபைதா, பாக்தாதின் கலீபாவாகிய ஹாரூன் அல்-ரஷீதின் மனைவி. ஈராக்கிலுள்ள கூபா நகரிலிருந்து மக்கா வரை பாலைவனத்தினூடே செல்லும் நெடுவழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைப்பதற்கு அவர் பெரும்பொருள் வழங்கினார். மக்காவிற்கு நீர் கொண்டுவரும் கால்வாய்ப் பணியையும் செய்வித்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவ்வழி 'சுபைதாவின் பாதை' என்றே வழங்குகிறது. பாலைவனத்தில் மற்ற எல்லா வசதிகளுக்கும் முற்பட்டது நீர் என்பதை அவ்வரசி உணர்ந்திருந்தார்.

துருக்கிய சுல்தானின் ஆட்சியில், 1900-ஆம் ஆண்டு டமாஸ்கஸ் நகரிலிருந்து ஓர் இருப்புப்பாதை தொடங்கப்பெற்று, 1908-இல் மதீனாவை எட்டியது. அதன் நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். ஒட்டகக் கூட்டத்துடன் ஒரு மாதத்திற்கு மேல் நடந்து சென்ற வழியைச் சில நாட்களில் கடக்க முடிந்தது. முதல் உலகப் போரில் அப்பாதை தகர்க்கப்பட்டது. மக்கா வரை அது நீட்டப்படவே இல்லை.

நம் நாட்டினர் கடல்வழியே சென்றனர். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி ஜித்தா துறைமுகத்தில் இறங்குவது வழக்கம். அக்காலத்தில் பயணத்தின் பெரும்பகை தொற்றுநோய். 1865-ஆம் ஆண்டு மக்காவில் பரவிய காலராவினால் யாத்திரிகர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவிற்கும் பரவியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பல நாட்டு அரசாங்கங்கள் கூடி, யாத்திரிகர் சுகாதாரத்தைப் பற்றி ஆலோசித்தன. அதன் பின்னர், செங்கடலில் உள்ள கமரான் தீவில் கப்பல்களை நிறுத்தி யாத்திரிகரைச் சோதிக்கும் நிலையம் 1882-இல் ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து சென்றோர் பல்லாண்டுகள் அத்தீவில் இறங்கித் தங்கியே ஜித்தாவை அடைந்தனர். இந்தியாவிலிருந்து யாத்திரிகரை ஏற்றிச் சென்ற கப்பல் போக்குவரத்து 1995-ஆம் ஆண்டுடன் நின்றது. அதன்பின் நம் யாத்திரிகர்கள் விமானத்திலேயே செல்கின்றனர்.

விமான நிலையத்திலிருந்து மக்கா வரை

ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் 1981-இல் திறக்கப்பெற்றது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பெருங்கூட்டம் வரும் அந்நிலையத்தில் யாத்திரிகருக்கெனத் தனி முனையம் ஒன்று அமைந்திருக்கிறது. அதன் கூரை, பாலைவன மக்களின் கூடாரத்தைப் போன்று, 210 துணிவிரிப்புகளால் ஆனது. அதனை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் பஸ்லுர் ரகுமான் கான். பக்கச் சுவர்கள் இல்லாமையால் காற்று தாராளமாக வீசுகிறது. சூடான காற்று ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலுள்ள திறப்பின் வழியே வெளியேறுகிறது. பெருஞ்செலவில் குளிர்சாதனம் அமைக்காமலே பல்லாயிரவர்க்கு நிழலும் காற்றும் அளிக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று. நம் ஊர்த் திருவிழாப் பந்தலை உயர்த்திக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுவதன் நியாயமும் இதுவேயாகும்.

அங்கிருந்து பேருந்துகள் யாத்திரிகரை மக்காவிற்கு அழைத்துச் செல்கின்றன. யாத்திரிகரை வரவேற்று வழிகாட்டும் பொறுப்பு முற்காலத்தில் 'முஅல்லிம்' எனப்பட்ட மக்காவின் வழிகாட்டிக் குடும்பங்களிடம் இருந்தது. பின்னர் அவை நாடுவாரியாக அமைப்புகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. யாத்திரிகர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அமைப்பின் பொறுப்பில் இருந்தாக வேண்டும் என்பதே இதன் கருத்து. கூட்டத்தில் தொலைந்தவரைத் தேடுவதற்கும், நோயுற்றவருக்கு உதவுவதற்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு என்னும் நிலை இதனால் ஏற்படுகிறது.

மக்கா, ஜித்தா, மதீனா ஆகிய நகரங்களை இணைக்கும் அதிவேக ரயில் 2018 அக்டோபரில் மக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்டது. சுமார் 450 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை செல்கிறது.

ஓரிரவில் பல இலட்சம் பேர்

யாத்திரிகரின் தொகையைச் சற்று நோக்குவோம். 2012-இல் முப்பத்தொரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஹஜ் செய்தனர். 2019-இல் அத்தொகை சுமார் 24 இலட்சத்து 89 ஆயிரம். பெருந்தொற்றின் காரணமாக 2020-இலும் 2021-இலும் வெளிநாட்டினர் வர அனுமதிக்கப்படவில்லை. 2024-இல் 18 இலட்சத்து 33 ஆயிரம் பேரும், 2025-இல் 16 இலட்சத்து 73 ஆயிரம் பேரும் கலந்துகொண்டனர்.

இருபது இலட்சம் பேரை அரபாத்திலிருந்து பேருந்தில் கொண்டுவருவதாகக் கொள்வோம். பேருந்து ஒன்றில் 50 பேர் என்றால் 40,000 நடைகள் வேண்டும். ஒவ்வொரு பேருந்தும் அன்றிரவு நான்கு நடை அடித்தாலும் 10,000 பேருந்துகள் தேவை. நெரிசலில் சிக்கிய பேருந்து நான்கு நடை அடிக்க இயலுமா? முன்னாட்களில், ஒரே சாலையில் யாத்திரிகரின் பேருந்தும் சரக்கு வண்டியும் நடந்து செல்வோரும் கலந்ததனால், சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் கழிந்ததுண்டு.

இதற்கு அவர்கள் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, நடந்து செல்வோருக்கு வாகனம் நுழையாத தனிப்பாதை. இரண்டாவது, வேறு வாகனங்கள் புகாதவாறு அடைக்கப்பட்ட தனிச்சாலையில் பேருந்துகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் முறை. வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஒரே வண்டி விரைந்து திரும்பி வருவதற்கு வழி செய்வதே இதன் நுட்பம். மூன்றாவது, 2010 நவம்பரில் ஓடத் தொடங்கிய தனி ரயில். சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் அரபாத்தில் மூன்று, முஸ்தலிபாவில் மூன்று, மினாவில் மூன்று என ஒன்பது நிலையங்கள் உண்டு. ஒரு திசையில் மணிக்கு 72,000 பேரை ஏற்றிச் செல்லத்தக்கவாறு அது அமைக்கப்பட்டிருக்கிறது. மூன்று இலட்சம் பேரை ஏற்றிச் செல்ல அதற்கு நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல் போதும். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே அந்த ரயில் ஓடுகிறது.

ரயில் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கூடாரத்தினர் எந்த நிலையத்தில், எந்த நேரத்தில் ஏறுவது என்று முன்னரே வகுத்துக் கொடுக்கின்றனர். குறித்த நேரத்திற்கு முன் வந்தவர் நிலையத்தின் வெளியே நிறுத்தப்படுகின்றனர். கூட்டம் மேடையில் சேராமல் வெளியில் பரவலாக நிற்கும்படி செய்வதே பாதுகாப்பாகும்.

உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றவை

இனி நாம் கூறுவது துயரமான வரலாறு. எனினும் அதனை மறைப்பதால் பயனில்லை. அறிவதால் பயன் உண்டு.

1990-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், மினாவை ஒட்டிய நடைச் சுரங்கவழி ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு 1,426 பேர் இறந்தனர். கடுங்கோடை வெப்பம், மூடிய சுரங்கம், இரு திசைகளிலும் மக்கள். உள்ளே நின்றவர்களுக்கு வெளியே செல்ல வழியில்லை. வெளியே இருந்தவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை.

1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மினாவின் கூடாரங்களில் தீப்பற்றியது. துணிக் கூடாரங்கள் நெருங்கி நின்றன. உள்ளே சமையல் எரிவாயு உருளைகள் இருந்தன. காற்றும் பலமாக வீசியது. சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 பேர் இறந்தனர். அதன் பின்னர்த் தீப்பற்றாத கண்ணாடியிழைத் துணியினால் நிலையான கூடாரங்கள் அமைக்கப்பட்டன. கூடாரங்களுக்குள் எரிவாயு அடுப்பு தடை செய்யப்பட்டது.

கல்லெறியும் தூண்களுக்கு மேலாக 1963-இல் பாலம் ஒன்று கட்டப்பட்டது. தொகை பெருகப் பெருக அது போதாததாயிற்று. 2004-இல் 251 பேர் அங்கு நெரிசலில் மாண்டனர். அதன்பின், தூண்களுக்குப் பதிலாக நீண்ட சுவர்கள் எழுப்பப்பட்டன. தூணைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும் கூட்டம் மோதுவதைத் தவிர்த்து, நடந்துகொண்டே கல்லெறிந்து கடந்து செல்ல இம்மாற்றம் உதவியது. ஆயினும் 2006 ஜனவரியில் பாலத்தின் நுழைவாயிலில் மீண்டும் நெரிசல் ஏற்பட்டு 346 பேர் இறந்தனர். மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வந்தோரின் பொருள்கள் கீழே விழ, அவற்றில் கால் தடுக்கி முன்சென்றவர் வீழ்ந்தனர். பின்வந்தவர் அவர்மேல் வீழ்ந்தனர். பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல அடுக்குகள் கொண்ட புதிய பாலம் 2009-ஆம் ஆண்டளவில் நிறைவு பெற்றது. மணிக்கு மூன்று இலட்சம் பேர் கடக்கத்தக்க அப்பாலத்தில் உள்ளே செல்லும் வழிகளும் வெளியே வரும் வழிகளும் வெவ்வேறு. உள்ளே சென்றவர் சென்ற வழியே திரும்ப முடியாது.

இவ்வளவு செய்தும், 2015 செப்டம்பர் 24-ஆம் நாள், பாலத்தில் அன்று, அதனை நோக்கிச் செல்லும் தெருக்களில் பேரிடர் நேர்ந்தது. மினாவில் 204, 223 ஆகிய எண்களுள்ள இரு தெருக்கள் கூடுமிடத்தில் இரண்டு கூட்டங்கள் சந்தித்தன. இறந்தவர் 769 பேர் என்று சவூதி அரசாங்கம் அறிவித்தது. பல நாடுகள் தத்தம் மக்களைப் பற்றி அறிவித்த எண்ணிக்கைகளைக் கூட்டிச் செய்தி நிறுவனங்கள் கண்ட தொகையோ இரண்டாயிரத்திற்கும் மேல். ஓரிடத்தைப் பாதுகாப்பாக்கிவிட்டால் ஆபத்து அதற்கு முந்திய இடத்திற்கு நகரக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இங்கு ஒன்றை நாம் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். நெரிசலில் இறப்போர் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. மூச்சுவிட இயலாமல் இறக்கின்றனர். ஒரு சதுர மீட்டரில் ஐந்து, ஆறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், மனிதர் தம் விருப்பப்படி நகர முடியாது. வெள்ளத்தில் மிதக்கும் பொருள்போல் இழுத்துச் செல்லப்படுவர். அப்போது எவர் கூவினாலும் பயனில்லை. ஆகவே, 'மக்கள் ஒழுங்கின்றி ஓடினார்கள்' என்று கூறி மக்கள்மீது பழி சுமத்துதல் பொருந்தாது. நெருக்கம் அந்த அளவை எட்டுவதற்கு முன்னரே தடுப்பது ஏற்பாடு செய்வோரின் கடமை.

நீரும் நிழலும் சுகாதாரமும்

கஅபாவிற்கு அருகே சுமார் 20 மீட்டர் தூரத்தில் அமைந்துள்ளது ஜம்ஜம் கிணறு. முன்னாளில் யாத்திரிகர்கள் கிணற்றருகே சென்று நீர் பருகினர். கூட்டம் பெருகவே, நீரைக் குழாய்களின் வழியும் பாத்திரங்களின் வழியும் பள்ளிவாசலெங்கும் கொண்டு சென்று வழங்கும் முறை ஏற்பட்டது. மக்களை நீரிடம் திரட்டாமல், நீரை மக்களிடம் கொண்டு செல்லுதல் என்பதே இதன் தத்துவம்.

உழவர் பெருமக்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. மரமற்ற வெளியாக இருந்த அரபாத்தில் நிழலுக்காகப் பல்லாயிரம் வேப்பமரங்கள் நடப்பட்டிருக்கின்றன. வறட்சியையும் வெயிலையும் தாங்கி, எக்காலமும் இலைகொண்டு நிழல் தரும் நம் நாட்டு வேம்பே அங்கும் ஏற்ற மரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று அரபாத்தில் நிற்கும் யாத்திரிகர் பலர் வேப்பமர நிழலிலேயே இறைஞ்சுகின்றனர். நீர்த்துளிகளைப் புகைபோல் தூவிக் காற்றைக் குளிர்விக்கும் கம்பங்களும் அங்கு நிறுத்தப்பட்டுள்ளன.

குர்பானி கொடுக்கும் இலட்சக்கணக்கான ஆடுகளின் இறைச்சி முன்னாளில் பெரும்பாலும் வீணாயிற்று. சுகாதாரக் கேடும் விளைந்தது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் 1983-இல் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, யாத்திரிகர் சீட்டு ஒன்றை விலைகொடுத்துப் பெறுகின்றனர். அவர் பொருட்டுக் கூடத்தில் பிராணி அறுக்கப்பட்டு, இறைச்சி பதப்படுத்தப்பட்டு, அங்குள்ள ஏழைகளுக்கும் பிற நாட்டு ஏழைகளுக்கும் அனுப்பப்படுகிறது. சமயக் கடமையும் நிறைவேறுகிறது; சுகாதாரமும் காக்கப்படுகிறது.

தொற்றுநோய்களுள் மூளைக்காய்ச்சல் பற்றி விசேஷமாகக் கூற வேண்டும். 1987-இலும் 2000-இலும் அது ஹஜ் யாத்திரிகரிடையே பரவியது. ஆதலின் அதற்குரிய தடுப்பூசி போட்டுக்கொண்ட சான்று இல்லாதவர் நாட்டினுள் அனுமதிக்கப்படுவதில்லை.

2024-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

2024 ஜூன் மாதத்து ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸ் வரை உயர்ந்தது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசாங்கம் அறிவித்தது. அனுமதி பெறாதவருக்குக் கூடாரம் இல்லை, பேருந்தில் இடமில்லை, கொளுத்தும் வெயிலில் நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது. அவர்களுள் பலர் ஏமாற்றப்பட்ட ஏழைகள். வேறுவகை அனுமதிச்சீட்டில் குறைந்த செலவில் ஹஜ் செய்யலாம் என்னும் பேச்சை நம்பிப் பணம் கொடுத்தவர்கள். இது நம் ஊராட்சிகளின் கவனத்திற்கு நேராக உரிய செய்தி.

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு வரையறை உண்டு. முஸ்லிம் மக்கள்தொகையில் பத்து இலட்சத்திற்கு ஆயிரம் பேர் என்பது 1988 முதல் பின்பற்றப்படும் அடிப்படை. 2025-இல் இந்தியாவிற்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. அவற்றுள் பெரும்பகுதி இந்திய ஹஜ் குழுவின் வழியாகவும், எஞ்சியவை அனுமதி பெற்ற தனியார் ஏற்பாட்டாளர் வழியாகவும் நிரப்பப்படுகின்றன. 2025-இல் தனியாருக்குரிய இடங்களுள் பெரும்பகுதி, மினா கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றின் ஒப்பந்தங்கள் குறித்த காலத்தில் முடிவு பெறாமையால் கைநழுவிற்று. பணம் கட்டியும் பலர் போக முடியவில்லை. ஹஜ் குழுவின் வழியே செல்ல விரும்புவோர், சென்னையிலுள்ள மாநில ஹஜ் குழுவின் வாயிலாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் மிகுதியாயின் குலுக்கல் முறையில் தேர்வு நடைபெறும்.

ஹஜ் என்பது உடல்வலிமையும் பொருள்வசதியும் உள்ளவர்க்கே கடமை என்பது இஸ்லாமிய நெறி. கடன்பட்டும், வழியல்லா வழியிலும் சென்று உயிரை இழக்க வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை.

புறப்படுவோருக்கு ஊராட்சி செய்யக்கூடிய உதவிகள்

1. விண்ணப்பக் காலத்தை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் உரிய நேரத்தில் எழுதி வைத்தல். கடவுச்சீட்டு பெறுவதற்கான வழிமுறைகளை அறிந்து கூறுதல்.

2. பணம் கேட்டு வரும் ஏற்பாட்டாளர் அரசாங்க அனுமதி பெற்றவரா என்பதை விசாரித்த பின்னரே பணம் கொடுக்குமாறு அறிவுறுத்தல். இரசீது இன்றிப் பணம் கொடுக்கலாகாது.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையுடன் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைச் சோதித்து, மருந்துகளையும் மருத்துவச் சீட்டையும் உடன்கொண்டு செல்லச் செய்தல்.

4. முதியோரைச் சில வாரங்கள் முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகுமாறு தூண்டுதல். ஹஜ்ஜில் நடை மிகுதி.

5. எழுத்தறியாதவரின் பெயர், நாடு, தங்குமிடம் ஆகியவற்றை எழுதிய அட்டை எப்போதும் உடலோடு இருக்கச் செய்தல். வழங்கப்பட்ட அடையாள அட்டையைக் கழற்றலாகாது என்று வற்புறுத்தல்.

நம் ஊர் விழாக்களுக்குப் பாடம்

1992-ஆம் ஆண்டு கும்பகோணம் மகாமகத்தின்போது நேர்ந்த நெரிசலில் நாற்பதிற்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, சந்தைகளையும் திருவிழாக்களையும் ஊராட்சி அமைப்புகளின் பணிகளுள் சேர்த்திருக்கிறது. ஆகவே இது காவல்துறையின் வேலை என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.

முதலில் கணக்கிட வேண்டும். தடையற்ற சமவழியில், ஒரு மீட்டர் அகலத்திற்கு நிமிடத்திற்குச் சுமார் 80 பேர் கடக்கலாம் என்பது பொறியாளர் கொள்ளும் மேல்வரம்பு. மூன்று மீட்டர் அகலமுள்ள வாயிலில் நிமிடத்திற்கு 240 பேர். பத்தாயிரம் பேர் வெளியேற ஏறத்தாழ 42 நிமிடங்கள் ஆகும். முதியோரும் குழந்தைகளும் மிகுந்தால் நேரம் இன்னும் கூடும். வாணவேடிக்கை முடிந்தவுடன் பத்தாயிரம் பேரும் பத்து நிமிடத்தில் வெளியேற முனைந்தால் நிகழ்வது என்ன என்பதை உறுப்பினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கணக்கிட்ட பின், கீழ்க்கண்டவற்றைச் செய்தல் வேண்டும்: உள்ளே செல்லும் வழியும் வெளியே வரும் வழியும் வேறாக இருத்தல், இரு கூட்டங்கள் எதிர்ப்படும் சந்திகளை முன்கூட்டியே கண்டு அடைத்தல், நடப்போர் வழியில் வண்டியையும் கடைகளையும் விலக்குதல், வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து சிறு பேருந்துகளைச் சுற்றி ஓடவிடுதல், குடிநீரை ஒரே தொட்டியில் வைக்காமல் பல இடங்களில் வைத்தல், பந்தலுக்குள் அடுப்பு மூட்டாமல், சமையற்கூடத்தைத் தொலைவில் அமைத்தல், அன்னதானத்தையும் இலவசப் பொருள்களையும் ஒரே வாயிலில் வழங்காதிருத்தல், உயரமான இடத்தில் இருந்து கூட்டத்தின் நெருக்கத்தைக் கவனித்து, வாயிலில் உள்ளோர்க்கு உடனே அறிவிக்க ஒருவரை நியமித்தல், நிழல் இல்லாத வழியில் இன்றே வேப்பங்கன்றுகளை நடுதல்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு கயிறு, சில மூங்கில்கள், பொறுப்பறிந்த சில இளைஞர்கள், ஒரு மாதத்திற்கு முன்னரே கூடும் ஓர் ஆலோசனைக் கூட்டம் ஆகியவை போதும். மினாவில் பல தலைமுறைகள் கண்ணீருடன் கற்ற பாடத்தை நாம் கண்ணீரின்றிக் கற்கும் வாய்ப்புப் பெற்றிருக்கிறோம். அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.

ஊராட்சிக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரின் பெரிய விழாவில் ஏறக்குறைய எத்தனை பேர் கூடுகின்றனர்? விழாத் திடலின் வாயில்கள் எத்தனை? அவற்றின் மொத்த அகலம் எவ்வளவு?

2. கூட்டம் முழுவதும் வெளியேற எத்தனை நிமிடங்கள் ஆகும்? அதற்கு வழி போதுமா?

3. கூட்டங்கள் எதிர்ப்படும் சந்தி எது? அங்கே யார் நிற்பது?

4. அடுத்த ஆண்டு நம் ஊரிலிருந்து ஹஜ்ஜிற்கோ, வேறு யாத்திரைக்கோ செல்ல எண்ணுவோர் யாவர்? அவர்களுக்கு யார் வழிகாட்டுவது?

5. விழா வழியில் நிழல் இல்லாத பகுதி எவ்வளவு? இம்மழைக்காலத்தில் அங்கே எத்தனை மரக்கன்றுகள் நடலாம்?